ஒரு வெள்ளைப் பந்தும் ஒரு கல்யாணக் கட்டிலும்

பந்தை வேகமாக எறியத் தெரிந்த மனுசனை எந்த அரசாங்கமும் நாட்டை விட்டுக் கலைக்காது என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சிரிக்க வேண்டாம். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மீசையும் இருந்தது.

அந்த நம்பிக்கையோடு நான் பலெர்மோ நகரத்தின் ஓரத்தில் ஒரு மண்மேட்டின் மேல் நின்றேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கு அந்தப் பக்கம் ஆபிரிக்காவில் இருந்து வருகிற சூட்டுக்காற்று வாய்க்குள் மண்ணை இறைத்துக்கொண்டிருந்தது. கையில் வெள்ளைப் பந்து. எதிரே மட்டையோடு ஒரு தடியன். அவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக்கொண்டு குந்தியிருந்தவன் தொத்தோ, எங்கள் பேஸ்போல் அணியில் பந்து பிடிக்கிறவன், தொழிலால் மீன் வியாபாரி.

அந்தத் தடியனை ஆட்டமிழக்கச் செய்தால் நாங்கள் வெல்வோம். வென்றால் மேல் பிரிவுக்குப் போவோம். மேல் பிரிவுக்குப் போனால் எனக்கு வேலை ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி. பெர்மெஸ்ஸோ இருந்தால் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கிற என் மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிடலாம்.

ஒரு பந்தின் தலையில் இவ்வளவு சுமையை ஏற்றிய மனுசன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாய்க்குள் எச்சில் ஊறியது. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கால் நடுங்கும், எனக்கு எச்சில் ஊறும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பந்து என் கையிலேயே இருக்கட்டும். நான் அந்த மேட்டுக்கு எப்படி ஏறினேன் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

எலுமிச்சம்பழம்

பொலிதேயாமாப் பக்கத்துப் பெரிய கட்டடங்கள் முடிந்து போர்கோ வெக்கியோச் சந்தை தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய வீடு. அதன் மூன்றாம் மாடியில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, இருந்தார். பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் விதவை. முழங்கால் வருத்தம், கூர்மையான நாக்கு, ஒரு பூனை. நான் அந்த வீட்டில் கூட்டித் துடைத்து, சமைத்து, பூனைக்கும் பணிவிடை செய்துகொண்டிருந்தேன். பதிவில்லாத வேலை. இங்கே அதைக் கறுப்பு வேலை என்பார்கள்.

சந்தைச் சாமான்களை மாடிக்கு ஏற்றக் கயிற்றில் கட்டின கூடை ஒன்று இருந்தது. இந்த ஊரில் எல்லா வீட்டு பல்கனியிலும் தொங்குவது. நான் கீழே நின்று போடுவேன், சிஞ்ஞோரா மேலே நின்று இழுப்பார். ஒரு நாள் கயிறு அறுந்தது. கூடை என் தலையில் விழுந்தது. எலுமிச்சம்பழங்கள் வீதியில் உருண்டன.

சிஞ்ஞோரா அவசரக்காரி. முந்தானை மாதிரி ஏப்ரனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "எறி" என்றார்.

எறிந்தேன். ஒவ்வொரு பழமாக, மூன்றாம் மாடிக்கு, ஏப்ரனின் நடுவுக்குள். ஒன்றும் தவறவில்லை. கடைசிப் பழம் போனபோது பின்னால் ஒருவர் கை தட்டினார். திரும்பினால், மீன் கடையில் நெத்தலி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை விட்டுவிட்டு வந்து நின்றான். அவன்தான் தொத்தோ.

"நீ எங்கை விளையாடினனி?"

"சிலோனில. கிரிக்கெட்."

"அது என்ன?"

விளங்கப்படுத்தினேன். என் இத்தாலியனும் அவனுடைய சிசிலிப் பேச்சும் சந்தித்த இடத்தில் அவன் விளங்கிக்கொண்டது ஒன்றுதான்: இவன் பந்து எறிவான். தன்னுடைய அணியின் பயிற்சிக்கு வரச் சொன்னான்.

சிவப்புத் தொடை

இங்கே ஊர்க்கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமரம், கிணற்றடி ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்தில் படித்த கல்லூரிக்கு வேகப்பந்து போட்டவன். கிரிக்கெட் பந்து சிவப்பு. அதன் ஒரு பக்கத்தை எச்சில் தொட்டுக் காற்சட்டையில் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்தால்தான் அது காற்றில் வளையும். எச்சில், தேய்ப்பு, ஓட்டம், வீச்சு. இதுதான் எங்கள் செபமாலை. பத்து வருஷம் செய்தால் அது கையின் புத்தியாகிவிடும், தலைக்குத் தெரியாமலே நடக்கும்.

அதனால் வேகப்பந்துக்காரன் எவனுக்கும் வெள்ளைக் காற்சட்டையின் வலது தொடையில் ஒரு சிவப்புக் கறை இருக்கும். அது எங்கள் பதக்கம். ஜெசிந்தா கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மைதானத்து வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுத் தோழிகளோடு பார்ப்பாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. "சிவப்புத் தொடை" என்று பெயர் வைத்திருந்தாள். இதை அவளே கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள், பாதிரியார் பக்கத்தில் இருக்கும்போதே.

எங்கள் கிரிக்கெட்டில் இன்னொன்றும் உண்டு. முழங்கை மடங்கக் கூடாது. மடக்கி வீசினால் அது எறிதல். எறிவது களவெடுப்பதைவிடக் கேவலம். "எறியிறான்! எறியிறான்!" என்று மைதானம் முழுக்கக் கத்தும். ஒரு ஆட்டத்தில் என்னை நோக்கியும் கத்தினார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இப்படி வளர்ந்த ஒருவனைப் பிடித்துத்தான் சம்பளத்துக்கு எறி என்றார்கள்.

ஓடாமல் எறிவது

முதல் பயிற்சிக்கு வெள்ளைச் சேர்ட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். நற்கருணை எடுக்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தேனாம். தொத்தோ பந்தைத் தந்து மேட்டைக் காட்டினான். நான் மேட்டைத் தாண்டிப் பின்னால், பின்னால், வேலி வரைக்கும் நடந்தேன்.

"எங்கை போறாய்?"

"ஓடி வர."

வேலியில் இருந்து ஓடி வந்து, துள்ளி, நேர்க்கையால் வீசினேன். பந்து நடுவழியில் நிலத்தில் குத்தி எழும்பி, மட்டைக்காரனின் முழங்காலில் பட்டது. எங்கள் ஊரில் அது அருமையான பந்து. நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, தொண்டை கிழிய ஆட்டமிழப்புக் கேட்டேன். அணி முழுக்க என்னைப் பார்த்தது. அடிபட்டவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிசிலியில் என் தாயைப் பற்றி ஏதோ சொன்னான்.

அன்றைக்கு எனக்குத் தெரியவந்தது: ஓடக் கூடாது. குத்தக் கூடாது. ஆளுக்கு அடிக்கக் கூடாது. மேட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையை மடக்கி, நெஞ்சுயரத்துக்கும் முழங்காலுக்கும் இடையில் எறிய வேண்டும். நாலு பந்து அதற்கு வெளியே போனால், மட்டைக்காரன் சும்மா நடந்து முதல் மூலைக்குப் போய்விடுவான். உள்ளே வருகிற மூன்று பந்தை அவன் அடிக்காமல் விட்டால் ஆட்டமிழப்பான்.

கை மடங்க மறுத்தது. ஒவ்வொரு முறை மடக்கும்போதும் யாழ்ப்பாணத்து மைதானம் காதுக்குள் கத்தியது. வெட்கத்தில் எறிந்தேன், ஆனால் பந்து போனது. தொத்தோ கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதினான். "மாதோன்னா!" என்றான்.

அப்போது வேலிக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சப்பாத்து, வாசனை, மோதிரம். அணியின் தலைவர். எல்லோரும் பிரெசிதெந்தே என்றார்கள். பொலிதேயாமாப் பக்கம் தளபாடக் கடை வைத்திருந்தார். நான் இன்னும் நாலு பந்து எறிந்து காட்டினேன். அவர் என் தோளை, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் அமத்திப் பார்த்தார்.

"நீ இனி புரொஃபெஷியொனிஸ்தா" என்றார். தொழில்முறை ஆட்டக்காரன். "மேல் பிரிவுக்கு எங்களை ஏத்து. நான் உனக்கு ஒப்பந்தம் போடுறன். ஒப்பந்தத்தோட பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்துராவுக்குப் போ, பெர்மெஸ்ஸோ வரும். கல்யாணம் கட்டினனியோ?"

"ஓம். மனிசி கொழும்பில."

"அப்ப மனிசியும் வரும்."

அவ்வளவு இலேசாகச் சொன்னார், கடையில் அலுமாரியோடு இரண்டு கொழுவி இலவசமாகத் தருவதுபோல.

கட்டில்

வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்கள் அறை. ஈரச்சுவர், ஒரு யன்னல், ஐந்தாறு தமிழ் ஆம்பிளைகள். மன்னார்க்காரர், தீவுக்காரர், யாழ்ப்பாணத்தார், வேதக்காரர், சைவக்காரர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் பாயில் படுத்தோம். மூத்தவர் தம்பிராசா அண்ணை. வேலணைக்காரர். ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவர். வாய் திறந்தால் நக்கல்.

ஒரு மத்தியானம் மூன்று சில்லு வண்டியொன்று ஒழுங்கைக்குள் நுழைந்து, இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். இரட்டைக் கட்டில். இங்கே அதைக் கல்யாணக் கட்டில் என்றுதான் சொல்வார்கள். தலைமாட்டில் செதுக்கின இரண்டு புறா. பிரெசிதெந்தேயின் முற்பணம்.

கட்டிலைப் போட்டால் அறைக்குள் ஆள் நிற்க இடமில்லை. கழற்றிச் சுவரோடு சாத்தினோம். புறாக்கள் இரண்டும் தலைகீழாக நின்றன.

"என்ன வேலையடா இது உனக்குத் தந்திருக்கினம்?" தம்பிராசா அண்ணை கேட்டார்.

"லஞ்சத்தோரே, அண்ணை. பந்து எறியிறவன்."

"பேரிலயே லஞ்சம் கிடக்கு. கட்டிலும் வந்திட்டுது. இனிப் பொம்பிளைதான் பாக்கி."

வியா மக்வேதாவில் ரெலிபோன் கடை ஒன்று இருந்தது. பெட்டிக்குள் நின்று கதைக்கலாம். கொட்டாஞ்சேனையில் ஜெசிந்தாவின் லொட்ஜுக்குக் கீழே ஒரு கடைக்கு அடிப்பேன். அவர்கள் மேலே ஆளை அனுப்பிக் கூப்பிடுவார்கள். படியிறங்கி வருகிற அவளுடைய செருப்புச் சத்தம் எனக்குப் போனில் கேட்கும்.

"ஜெசி, கட்டில் வந்திட்டுது."

"என்ன கட்டில்?"

"எங்கட கட்டில். ரெண்டு பேர் படுக்கிறது."

"ரெண்டு பேரில ஒராள் இஞ்சையெல்லோ நிக்கிறன்."

"வருவீர். நான் இப்ப ஆர் தெரியுமோ? புரொஃபெஷனல்."

"இஞ்சேருங்கோ," என்றாள் சிரித்துக்கொண்டு, "எறிஞ்சதுக்கு ஊரில ஏச்செல்லோ வாங்கினீங்கள்? அங்கை சம்பளமோ?"

பிறகு சிரிப்பு நின்றது. "லொட்ஜில பொலிஸ் வந்து பாத்திட்டுப் போகுது. இஞ்சை நெடுக இருக்கேலாது. கெதியாச் செய்யுங்கோ."

சிஞ்ஞோராவின் கேள்வி

அந்தக் கோடையில் அரசாங்கம் ஒரு கதவைத் திறந்தது. பதிவில்லாமல் இருக்கிற வெளிநாட்டாரை அவர்களுடைய முதலாளிகள் வந்து பதியலாம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச மாதம் மட்டும். கோவிலிலும் சந்தையிலும் எங்கள் சனம் வேறு கதை கதைக்கவில்லை. "உன்ர சிஞ்ஞோரா எழுதுறாவோ?" "ஓம், எழுதுறா." "குடுத்து வைச்சனி."

ஒரு காலை நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா பூனையைத் தடவியபடி சொன்னார்: "உன்னைப் பதியலாம் என்று நினைக்கிறேன். வீட்டு வேலைக்காரன் என்று. சம்மதமா?"

நான் யன்னலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கண்ணாடி அதற்குமேல் துடைபடாது.

பின்னேரம் பிரெசிதெந்தேயின் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் ஒரு சோபாவின் பஞ்சை அமத்திக்கொண்டே சொன்னார்: "வீட்டு வேலைக்காரனாப் பதிஞ்சவனை நான் விளையாட்டுக்காரனாப் பதியேலாது. பொறு. புரட்டாதியில் கடைசி ஆட்டம். வெண்டால் அடுத்த நாள் ஒப்பந்தம்."

பொறுத்தேன். காரணம் அவர் சொன்னது மட்டும் அல்ல. ஜெசிந்தா வந்து இறங்குகிறபோது, தொட்டித் தண்ணீரும் தும்புத்தடியுமாக ஒருவன் போய் நிற்பதா, தொப்பி போட்ட ஒரு ஆட்டக்காரன் போய் நிற்பதா? என் மனதில் ஒரு படம் ஓடியது. அதில் பின்னணி இசையும் இருந்தது. அந்த இசைதான் என்னைக் கெடுத்தது.

சிஞ்ஞோராவிடம் வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பந்து எறிவது வேலையா?" என்றார். 

நான் பயிற்சிக்குப் போகிற நாட்களில் என் இடத்துக்கு அந்த வீட்டுக்குப் போனவர் தம்பிராசா அண்ணை. ஒரு வாரம் கழித்து, சோறு வடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு நக்கல் இல்லை.

"சிஞ்ஞோரா என்னைக் கேட்டவ. உனக்கு வேண்டாமெண்டால் என்னைப் பதியிறாவாம்."

"பதியட்டும் அண்ணை."

"விசரா, யோசிச்சுச் சொல்லு. உன்ர வீடு அது. நீ ஓமெண்டு சொன்னால் நான் விலகுறன்."

"நான் புரொஃபெஷனல் அண்ணை."

கஞ்சி கையில் கொட்டிச் சுட்டது. அதற்குத்தான் கண் கலங்கியது என்று அப்போது நினைத்தேன்.

நெத்தலி உப்பு

அந்தக் கோடையில் நான் நன்றாகவே எறிந்தேன். உண்மை. நான் எறிந்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் வென்றோம். போர்கோ வெக்கியோவில் கத்தரிக்காய் விற்கிற கிழவன்கூட "லஞ்சத்தோரே!" என்று கையசைத்தான்.

ஒரே ஒரு கரைச்சல். எச்சில்.

பேஸ்போலில் பந்தில் எச்சில் போடுவது குற்றம். உடுப்பில் தேய்ப்பதும் குற்றம். முதல் தரம் எச்சரிக்கை. இரண்டாம் தரம் வெளியே. நான் கிரிக்கெட்டில் பத்து வருஷம் படித்த இரண்டு பாடமும் இங்கே இரண்டு பாவம். சும்மா நிற்கும்போது நினைவிருக்கும். ஆட்டம் இறுகினால், விரல் தானாக நாக்குக்குப் போகும், பந்து தானாகத் தொடைக்குப் போகும். சின்ன ஆட்டங்களில் தப்பினேன், ஏனென்றால் நடுவர்கள் தொத்தோவிடம் மீன் வாங்குகிறவர்கள்.

"கடைசி ஆட்டத்துக்கு இத்தாலிப் பெருநிலத்தில் இருந்து நடுவர் வாறார்," என்றான் தொத்தோ. "அவர் என்ர மீன் திண்டதில்லை."

பழக்கத்தை மாற்ற அவன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். பயிற்சிக்கு முன் என் விரல்களில் நெத்தலிக் கருவாட்டு உப்புநீரைத் தடவினான். அந்த நாற்றத்துக்கு எவனும் விரலை வாயில் வைக்கமாட்டான் என்பது அவன் கணக்கு. எங்கள் கடற்கரையில் கருவாட்டோடு வளர்ந்த ஒருவனிடம் அந்தக் கணக்குப் பிழைத்தது. முன்பு ஓவருக்கு ஒரு தரம் நக்கியவன், இப்போது பந்துக்குப் பந்து நக்கினேன். தொத்தோ தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

"நீ பேயனோ?"

"தொத்தோ, கொஞ்சம் சோறு இருந்தால் நல்லது."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இரவு படுத்தபோது, சுவரோடு சாத்திய புறாக்களைப் பார்த்துக்கொண்டு, விரல்களைக் கக்கத்துக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

துடைச்சுப் போடு

கடைசி ஆட்டத்தன்று காலை, பூசைக்குப் போகும் வழியில் கொழும்புக்கு அடித்தேன். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவள் கீழேயே காத்திருந்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, என்ர அண்ணை என்னைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் ஒருத்தனைப் பிடிச்சிட்டார். இண்டைக்கு இரவுக்குள்ள மறுமொழி சொல்ல வேணுமாம்."

"இண்டைக்கு மட்ச் ஜெசி."

"தெரியும். அதுதான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. வெண்டிட்டு எடுங்கோ. நான் இதிலையே நிக்கிறன்."

"வெல்லுவன்."

"எனக்குக் கனடா வேண்டாம். ஆனா இந்த அறையும் இனி ஏலாது."

பூசையில் பாதிரியார் என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. முன் வரிசை மெழுகுதிரிகளில் எது முதலில் அணைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்குக் கோவில் சனம் அப்படியே பஸ் பிடித்து வந்துவிட்டது. பலெர்மோ மைதானத்தில் அவ்வளவு தமிழ்ச் சனத்தை அதற்கு முன்பு எவரும் கண்டிருக்கமாட்டார்கள். கோவில் மேளம், சாப்பாட்டுப் பெட்டி, குடை. ஒருவருக்கும் பேஸ்போல் தெரியாது. அதனால் எல்லோரும் கிரிக்கெட்டுக்குக் கத்தினார்கள்.

"காலுக்குப் போடுங்கோ அண்ணை!"

"ஸ்டம்ப் எங்கையடா? ஸ்டம்ப் இல்லாமல் எப்பிடி அவுட்?"

எதிரணி கத்தானியாப் பக்கத்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் விரல் நாக்குக்குப் போனது. போனது எனக்குத் தெரியாது. நடுவர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்து, ஒரு விரலை என் மூக்கின் முன் நீட்டினார். முதல் எச்சரிக்கை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் இடையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றேன். பின்னேரம் வரைக்கும் அப்படியே தாக்குப்பிடித்தேன்.

இப்போது நாம் தொடங்கின இடத்துக்கு வந்துவிட்டோம். கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் நாங்கள் முன்னுக்கு. அவர்களுடைய இரண்டு பேர் மூலைகளில் நின்றார்கள். இந்தத் தடியன் போனால் முடிந்தது. அவனுக்கு ஏற்கெனவே மூன்று பந்து வெளியே போட்டுவிட்டேன். இரண்டு பந்து உள்ளே. இன்னும் ஒரு நல்ல பந்து போதும்.

தொத்தோ முகமூடிக்குள்ளால் தன் வாயைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஓம் என்று நானும் ஆட்டினேன்.

சனம் அமைதியாகிவிட்டது. மேளமும் நின்றுவிட்டது. அந்த அமைதிக்குள் ஒரு குரல் எழும்பியது. எனக்காகத் தன் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து வெயிலில் நின்ற தம்பிராசா அண்ணையின் குரல். அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

"தம்பி! அவசரப்படாதை! நல்லாத் துடைச்சுப் போடு!"

உடனே முழுச்சனமும் பிடித்துக்கொண்டது. "துடைச்சுப் போடு! துடைச்சுப் போடு!" மேளமும் அதற்கு அடித்தது.

என் விரல் நாக்கைத் தொட்டது. பந்து தொடைக்குப் போனது. ஒரு தரம், இரண்டு தரம், நன்றாக அமத்தி, எங்கள் கல்லூரி மைதானத்தில் தேய்த்ததுபோலவே. சனம் ஆரவாரித்தது. நான் குனிந்து காற்சட்டையைப் பார்த்தேன். வெள்ளைப் பந்து. கறை ஒன்றும் இல்லை.

கறை இல்லாததைக் கண்டபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரிந்தது.

நடுவர் வந்துகொண்டிருந்தார்.

அதை வெளியே போன நாலாவது பந்தாகக் கணக்கெடுத்து, தடியனை முதல் மூலைக்கு நடக்கச் சொன்னார். என்னை வெளியே போகச் சொன்னார். என் இடத்துக்கு வந்தவன் பிரெசிதெந்தேயின் தங்கையின் மகன். அவனுடைய முதல் பந்தை அடுத்த மட்டைக்காரன் வேலிக்கு அடித்தான், மூலைகளில் நின்றவர்கள் ஓடி வந்து எங்களை முந்தினார்கள். பிறகு எங்கள் முறை வந்தது. மூன்று பேர் ஆட்டமிழந்தால் சுற்று முடிந்தது; எங்களுடைய மூன்று பேரும் வந்த கையோடு திரும்பினார்கள்.

தோற்றதை எங்கள் சனம் உடனே விளங்கிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா நடந்தது?" தம்பிராசா அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நல்லாத்தானே துடைச்சனி?"

"ஓம் அண்ணை. நல்லாத் துடைச்சனான்."

பிரெசிதெந்தே என் கையைக் குலுக்கினார். "பிராவோ, பிராவோ" என்றார். காருக்குப் போய்விட்டார். அவரை அதற்குப் பிறகு நான் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

வியா மக்வேதாவுக்கு வந்து, சப்பாத்து மண்ணோடு போன் பெட்டிக்குள் நுழைந்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வெண்டீங்களோ?"

"இல்லை."

"என்ன நடந்தது?"

"எச்சில் போட்டுத் துடைச்சிட்டன். இஞ்சை அது கூடாது."

"எச்சிலோ?" என்றாள். பிறகு சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன். கடல்களுக்கு இரண்டு பக்கமும் நின்று அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

"சிவப்புத் தொடை," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "நான் அண்ணைக்கு ஓமெண்டு சொல்லப்போறன். கோவிக்காதேங்கோ."

"இல்லை. சொல்லும்."

"வைக்கிறன்."

நான் பெட்டிக்குள்ளேயே நின்றேன். வெளியே காத்திருந்த பெண் கண்ணாடியில் தட்டினாள்.

நடந்தது

அணி அந்தக் குளிர்காலத்திலேயே கலைந்துவிட்டது. சில வருஷம் கழித்து, தொத்தோவின் கடையில் மீன் வாங்கும்போது ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் வாளைமீனை வெட்டுவதை நிறுத்தினான்.

"என்ன ஒப்பந்தம்? எங்கட பிரிவிலயும் ஒருத்தருக்கும் சம்பளமில்லை, மேல் பிரிவிலயும் இல்லை. நான் எத்தினை வருஷம் விளையாடினன்? எனக்கு ரெண்டு கதிரை தந்தவர்."

அப்படியானால் அந்தத் தடியனை நான் வீழ்த்தியிருந்தாலும், அடுத்த நாள் காலையில் எனக்கு இன்னொரு தளபாடம் வந்திருக்கும். ஒரு அலுமாரி வந்திருக்கலாம்.

தம்பிராசா அண்ணையைச் சிஞ்ஞோரா அந்தக் கோடையிலேயே பதிந்துவிட்டார். கதவு மூடுவதற்கு முன் அவருக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அடுத்த வருஷம் அவருடைய மனைவி வந்தார். கட்டிலை நானும் தொத்தோவும் அவர்களுடைய வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டிக் கொடுத்தோம். புறாக்கள் நேராக நின்றன.

ஜெசிந்தா கனடாவுக்குப் போனாள். இரண்டு வருஷம் போனில் கதைத்தோம். பிறகு கதைக்கவில்லை. எனக்குப் பெர்மெஸ்ஸோ பல வருஷம் கழித்து, வேறொரு வீட்டில், வீட்டு வேலைக்காரன் என்ற பதிவில் கிடைத்தது. அவள் பலெர்மோவுக்கு வரவில்லை.